மீன்கடைத் தராசும் கபடிக்காரன் கழுத்தும்

கேள்வி: திசையன்விளைப் பக்கம் ஒரு கபடி டீம் நடத்துகிறேன். டீக்கடைதான் தொழில், டீம் ஒரு பைத்தியம். ரக்பி ஆடுகிறவர்களுக்குக் கழுத்தில் ஒயரெல்லாம் ஒட்டி, எவ்வளவு இடி தாங்கும் என்று அளக்கிற வீடியோ ஒன்று பார்த்தேன். நம்ம பயலுகளுக்கும் அப்படி அளக்க முடியுமா? மிஷின் என்ன விலை ஆகும்? கழுத்தை இரும்பாக்க, தலையைத் தரையில் ஊன்றிப் பாலம் மாதிரி வளைகிற பயிற்சியைக் கொடுக்கிறேன், அது போதுமா? போன மாதம் ஒரு கோயில் கொடை ஆட்டத்தில் என் அக்கா மகன், ரைட் கார்னர் ஆடுகிறவன், பிடிக்கப் போன இடத்தில் கழுத்து வெட்டி, வலது கை முழுக்கக் கரண்ட் அடித்த மாதிரி ஆகிவிட்டது. அஞ்சு நிமிஷத்தில் சரியாகிவிட்டது. மறுநாள் சலூனில் நெட்டி எடுத்துவிட்டோம். இப்போது நன்றாக ஆடுகிறான்.

பதில்: அண்ணாச்சி, நீங்கள் கேட்டது மூன்று கேள்வி. நான் நீங்கள் கேட்காமல் எழுதிய கடைசி நாலு வரியிலிருந்து ஆரம்பிக்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

மருமகனுக்கு அடித்தது கரண்ட் இல்லை, நரம்பு. கழுத்து ஒரு பக்கம் வெட்டும்போது எதிர்ப்பக்கத்துத் தோள் கீழே அமுங்கினால், கழுத்திலிருந்து கைக்குப் போகிற நரம்புக் கொத்து சுண்டி இழுபடும். இல்லை, தலை சாய்ந்த பக்கத்திலேயே நரம்பு வேர் எலும்பு இடுக்கில் நசுங்கும். ரக்பியிலும் அமெரிக்கக் கால்பந்திலும் இது அன்றாடக் கதை. பெரும்பாலும் ஒரு கையோடு நின்று சில நிமிஷத்தில் அடங்கிவிடும் என்பதும் சரிதான். ஆனால் அடங்கியதும் நீங்கள் பார்த்திருக்க வேண்டியது வலி போச்சா என்பதை மட்டும் இல்லை, பலம் திரும்பி வந்ததா என்பதை. இன்றைக்கே பாருங்கள். பையனை நிற்க வைத்து, இரண்டு கையையும் பக்கவாட்டில் தோள் உயரத்துக்குத் தூக்கச் சொல்லி, நீங்கள் மேலிருந்து அமுக்குங்கள். அப்புறம் முழங்கையை மடக்கச் சொல்லிப் பிரித்துப் பாருங்கள். வலது கை இடதைவிடச் சட்டென்று விட்டுக்கொடுத்தால், கழுத்தைத் திருப்பும்போது கையில் சுருக்கென்றால், அல்லது இது இரண்டாவது தடவை என்றால், களத்தில் இறக்காதீர்கள். எலும்பு அல்லது நரம்பு மருத்துவரிடம் காட்டி, அவர் சொன்னால் ஸ்கேன் எடுத்து, அப்புறம்தான் மற்றதெல்லாம். கை நன்றாகத்தான் இருக்கிறது என்றாலும் ஒரு தடவை காட்டிவிட்டு ஆடட்டும். இரண்டு கையிலும் மரமரப்பு, அல்லது கையும் காலும் சேர்ந்து மரத்துப்போவது, நடுக்கழுத்தில் எலும்பு மேலேயே வலி, இதில் எது வந்தாலும் அது வேறு கணக்கு. நாலு பேர் தூக்கிக்கொண்டு ஓடாமல், தலையை அசையாமல் பிடித்துக்கொண்டு, 108 வரும்வரை அப்படியே கிடத்த வேண்டும்.

சலூன் விஷயம். நெட்டி எடுக்கிற சத்தம் சுகமாகத்தான் இருக்கும், நானும் பள்ளிக்கூடக் காலத்தில் எடுத்துக்கொண்டவன்தான். ஆனால் கழுத்து எலும்புகளின் பக்கத் துளைகள் வழியாக மூளைக்குப் போகிற இரத்தக்குழாய் ஒன்று இரண்டு பக்கமும் ஏறுகிறது. தலையை வெடுக்கென்று திருகும்போது அதன் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வரை போனதாக மருத்துவ இதழ்களில் பதிவுகள் உண்டு. அபூர்வம்தான். ஆனால் அடிபட்டு ஒரு நாள்கூட ஆகாத கழுத்தைக் கொண்டுபோய் அங்கே கொடுப்பதா அண்ணாச்சி?

சரி, ஒயர் விஷயத்துக்கு வருகிறேன்.

வீடியோவில் நீங்கள் பார்த்த ஒயர் தசையின் மின்சாரத்தைப் பிடிக்கிறது. தசை சுருங்கும்போது அதில் சின்னதாக மின்னோட்டம் எழும். தோலின் மேல் ஒட்டிய வில்லை அதை எடுத்துக் கணினிக்குக் கொடுக்கும், நொடிக்கு ஆயிரம் தடவைக்குக் குறையாமல். ஒட்டுகிற இடம் காதுக்குப் பின்னாலுள்ள எலும்பிலிருந்து நெஞ்செலும்பின் மேல்முனைவரை சாய்வாக ஓடுகிற அந்தக் கயிறு மாதிரித் தசை, அப்புறம் பிடரிப் பக்கத்துத் தசை, தோள்மேட்டுத் தசை. தலையில் ஒரு பட்டை மாட்டி, கப்பி வழியாகக் கயிறு கட்டி, மறுமுனையில் ஒரு எடையைச் சட்டென்று விழ விடுவார்கள். தலை எவ்வளவு வேகமாக வெட்டியது, தசை எப்போது விழித்தது, இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பார்கள். ஒரு தடவை ‘இதோ விடப்போகிறோம்’ என்று சொல்லிவிட்டு விடுவது, அடுத்த தடவை கண்ணையும் காதையும் அடைத்துச் சொல்லாமல் விடுவது. எல்லாமே அந்த வித்தியாசத்தில்தான் இருக்கிறது.

எதிர்பாராமல் தலை வெட்டுப்படும்போது, ஒரு நொடியை ஆயிரமாகப் பிரித்தால், கழுத்துத் தசையில் மின்சாரம் எழவே ஏறக்குறைய 50 முதல் 80 பங்கு ஆகிவிடும். மின்சாரம் வந்த உடனே இழுவை வந்துவிடாது, அதற்கு இன்னும் கொஞ்ச நேரம் வேண்டும். ஆனால் முழங்கால் நேராகத் தலையில் இடித்தால் அந்த அடியின் உச்சம் பத்துப் பதினைந்து பங்குக்குள் வந்து போய்விடும். கண் இமைக்க நூறுக்கு மேல் ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள், இமைப்பதற்குள்ளேயே எல்லாம் முடிந்துவிடும். ஆக எவ்வளவு பெரிய பயில்வான் கழுத்தாக இருந்தாலும், அடி விழுந்த பிறகு விழிக்கிற கழுத்து ஒன்றுக்கும் உதவாது, முன்கூட்டியே இறுகியிருக்கிற கழுத்துதான் உதவும். தலை நாலரை, ஐந்து கிலோ இருக்கும். கழுத்து தளர்வாக இருந்தால் அடி அந்த ஐந்து கிலோவோடு மட்டும் மோதுகிறது, இறுகியிருந்தால் நெஞ்சுக்கூடும் கொஞ்சம் சேர்ந்து வாங்கிக்கொள்கிறது.

நம்ம ஊரில் தலைச்சுமை தூக்குகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், சும்மாடு வைத்து ஓலைக்கட்டோடு ஓட்டமும் நடையுமாக வருகிற ஆச்சிமார். அவர்களுடைய கழுத்து வாகு அலாதிதான். ஆனால் அது மேலிருந்து கீழே ஒரே சீராக, தெரிந்தே வாங்குகிற பாரம். கபடியில் அடி பக்கவாட்டில் வருகிறது, அதுவும் பார்க்காத பக்கத்திலிருந்து. ஆச்சி கழுத்து அதற்கும் தாங்கும் என்று நான் சொல்லமாட்டேன்.

அந்த ஒயர் மிஷின் உங்களுக்கு வேண்டாம். விலை லட்சங்களில் போகும். அது போகட்டும், முடி மழிக்க வேண்டும், தோலை ஸ்பிரிட்டால் துடைக்க வேண்டும், வியர்த்தால் வில்லை வழுக்கும், கடைசியில் வருகிற கோடுகளைப் படிக்க ஆள் வேண்டும். அது ஆராய்ச்சிக்காரர்கள் சாமான். இப்போது பெரிய ரக்பி ஆட்டங்களில் பல்லில் கவ்வுகிற காப்புக்குள்ளேயே உணரியை வைத்துவிட்டார்கள், தலைக்கு எவ்வளவு அடி என்று உடனே சொல்லிவிடும். ஏன் பல்லில் என்றால், நெற்றித்தோலில் ஒட்டினால் தோல் வழுக்கி எண்ணைக் கெடுக்கும், மேல்பல் மண்டையோட்டோடு ஒட்டியது. புத்திசாலித்தனமான வேலை. ஆனாலும் நமக்கு எட்டாது.

எட்டுகிறது எது? மீன்கடையில் தொங்குகிற டிஜிட்டல் தராசு. சிரிக்காதீர்கள். 2014ல் அமெரிக்காவில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் 6704 பேருக்குக் கழுத்து பலம் அளந்து வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் விலை உயர்ந்த கருவிக்குப் பதிலாகக் கையில் பிடிக்கிற இழுவைத் தராசு போதுமா என்று முதலில் சோதித்து, போதும் என்று கண்டுதான் மேற்கொண்டு போனார்கள். கழுத்து பலம் ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், கூடக்கூட, தலையடியால் மூளை குலுங்குகிற வாய்ப்பு 5 சதவீதம் குறைந்திருந்தது. அவர்கள் கால்பந்து, கூடைப்பந்து, லக்ராஸ் ஆடியவர்கள். ரக்பியும் இல்லை, கபடியும் இல்லை, அதை மறக்க வேண்டாம்.

எப்படி அளப்பது என்று நிதானமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில்தான் எல்லாரும் தப்பு செய்கிறார்கள், நானும் செய்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் கையில் பிடிக்கிற அளவுமானியை ஒரு பளுதூக்குகிற பையன் பிடரியில் வைத்து ‘தள்ளு’ என்றேன். தள்ளினான். என் கை மடங்கிப்போனது. வந்த எண்ணைப் பெருமையாக எழுதி வைத்தேன். ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது, நான் எழுதியது அவன் கழுத்து பலத்தை இல்லை, என் கை பலத்தை. அன்றிலிருந்து தராசு சுவரில், என் கையில் இல்லை.

முதுகு சாய்கிற நாற்காலி ஒன்று. பையன் நெஞ்சைச் சுற்றி ஒரு துண்டால் நாற்காலியோடு கட்டுங்கள், இல்லையென்றால் உடம்பைச் சாய்த்து ஏமாற்றுவான். வேண்டுமென்றே இல்லை, உடம்பு தானாகவே அப்படிச் செய்யும். கை மடியில், கால் தரையை உதைக்காமல். பழைய பள்ளிக்கூடப் பையின் அகலமான வாரைப் புருவத்துக்குச் சற்று மேலே நெற்றியில் வைத்து, கயிற்றைப் பின்னால் ஜன்னல் கம்பியில் கட்டிய தராசில் மாட்டுங்கள். கயிறு படுக்கைவாட்டில் நேராக இருக்க வேண்டும், தராசையும் அந்தக் கிடையிலேயே பூஜ்யம் ஆக்கிக்கொள்ளுங்கள். முன்னால் தள்ளச் சொல்லுங்கள். வெடுக்கென்று இல்லை, இரண்டு எண்ணும்வரை மெதுவாக ஏற்றி, மூன்று எண்ணும்வரை நிறுத்த வேண்டும். நீங்கள் பக்கத்தில் நின்று ‘ஒன்னு… ரெண்டு… பிடி மக்கா பிடி’ என்று ஒரே மாதிரிக் கத்துங்கள். ஒருத்தனுக்குக் கத்தி இன்னொருத்தனுக்குக் கத்தாமல் விட்டால் எண் மாறும், நிஜமாகவே மாறும். ஒரு நிமிஷம் ஓய்வு கொடுத்து மூன்று தடவை. அதிகமானதை எழுதுங்கள். மூன்றும் எட்டாத தூரத்தில் இருந்தால், ஒன்று 9, ஒன்று 14 என்று வந்தால், கட்டு எங்கோ நழுவுகிறது, இன்னொரு நாள் எடுங்கள். அப்புறம் நாற்காலியைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம், இடது, வலது. முழு வலு போடும் முன்னால் பாதி வலுவில் இரண்டு தடவை பழக விடுங்கள். வலித்தால் அங்கேயே நிறுத்தம். தலையில் அடிபட்டு முழுசாகத் தேறாதவனையும், டாக்டர் பார்த்துச் சரி என்று சொல்லும்வரை உங்கள் மருமகனையும் நாற்காலியில் உட்கார வைக்கவே கூடாது.

வருகிற எண்ணை யாரோடும் ஒப்பிட வேண்டாம். பின்பக்கம் முன்பக்கத்தைவிடப் பெரும்பாலும் கூடுதலாக வரும், பிடரித் தசை அப்படிப்பட்டது. முன்பக்கம் பின்பக்கத்தில் பாதிகூட இல்லையென்றால் முன்னால் வேலை இருக்கிறது என்று எடுத்துக்கொள்வேன். இடதும் வலதும் கிட்டத்தட்டச் சமமாக வர வேண்டும், பெரிய இடைவெளி இருந்தால் அந்தப் பையனிடம் பழைய அடி ஏதும் உண்டா என்று கேளுங்கள், பெரும்பாலும் ஒரு கதை வரும். ரைட் கார்னர் ஆடுகிறவனுக்கு ஒரு பக்கம் தூக்கலாக இருப்பதையும் பார்த்திருக்கிறேன். ஆட்டம் முடிந்த கையோடு எடுத்தால் குறைவாகத்தான் வரும், களைப்பு. அதனால் எப்போதும் ஒரே நேரம், ஒரே நாற்காலி, ஒரே வார், கத்துவதும் ஒரே ஆள். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை போதும். அடிபட்டுத் திரும்புகிறவனுக்கு அவனுடைய பழைய எண்தான் இலக்கு, அடுத்தவன் எண் இல்லை. ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி வைத்தால் அதுவே உங்கள் டீமின் ஆய்வகம்.

பலம் மட்டும் போதாது, தாக்குப்பிடிக்கவும் வேண்டும். மல்லாக்கப் படுத்து, தாடையை உள்ளே இழுத்து, தலையை ஒரு அங்குலம் மட்டும் தரையிலிருந்து தூக்கி நிறுத்தச் சொல்லுங்கள். தாடை உள்ளே இருக்கும்போது கழுத்து முன்தோலில் விழுகிற மடிப்பில் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். தாடை முன்னால் தள்ளினால் மடிப்பு விரிந்து கோடு பிரியும், அங்கேயே கடிகாரத்தை நிறுத்துங்கள். ஆரோக்கியமான ஆண்களை அளந்த ஓர் ஆய்வில் சராசரி 39 விநாடி வாக்கில் வந்தது. உங்கள் டீமில் பெரிய உடம்புக்காரன் ஒருத்தன் பதினைந்தில் நடுங்க ஆரம்பிப்பான் பாருங்கள், தராசில் முதல் இடம் வந்தவனாகவே இருப்பான். வெளியே தெரிகிற தசைதான் தராசில் பேசும், எலும்பை ஒட்டி உள்ளே ஒளிந்திருக்கிற தசைக்கு இந்தப் பரீட்சை.

இன்னொன்று, விளையாட்டாகவே செய்யலாம். தொப்பியில் ஒரு லேசர் லைட்டைக் கட்டி, திருவிழாக் கடையில் விற்கிறதே அதுதான், சுவரிலிருந்து 90 சென்டிமீட்டரில் உட்கார வையுங்கள். ஒளி விழுந்த இடத்தில் புள்ளி வையுங்கள். கண்ணை மூடித் தலையை ஒரு பக்கம் முழுக்கத் திருப்பி, பழைய இடத்துக்கே கொண்டுவரச் சொல்லுங்கள். பல தடவை செய்து சராசரி பார்க்கும்போது 7 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி நின்றால், ஏறக்குறைய நாலரை டிகிரி, கழுத்துக்குத் தன் தலை எங்கே இருக்கிறது என்ற நிதானம் தவறுகிறது என்று கணக்கு. கண்ணைத் திறந்து யாரும் லேசருக்கு நேராக நிற்க வேண்டாம்.

இனி பாலம். விட்டுவிடுங்கள் அண்ணாச்சி. மல்யுத்தக்காரர்களுக்கு அது தேவை, முதுகு தரையில் படாமல் தப்பிப்பதற்கு. கபடிக்காரனுக்கு முழு உடம்பு பாரத்தையும் வளைந்த கழுத்தில் ஏற்றுவதால் வரும் லாபம் சின்னது, எலும்பு இடுக்குக்கும் வட்டுக்கும் வரும் வில்லங்கம் பெரிது. அதுவும் கை மரத்துப்போன பையனுக்குக் கூடவே கூடாது. பதிலுக்கு இதைச் செய்யுங்கள்: இரண்டு இரண்டு பேராக நிற்கவிட்டு, ஒருத்தன் உள்ளங்கையை மற்றவன் நெற்றியில் வைத்து மெதுவாகத் தள்ள, அவன் தலை அசையாமல் தாங்க வேண்டும். நாலு திசையிலும் பத்துப் பத்து விநாடி. வாரம் மூன்று நாள், பயிற்சிக்கு முன் உடம்பைச் சூடேற்றும்போதே முடித்துவிடலாம். மூன்று வாரம் போனதும், தள்ளுவதற்குப் பதிலாக லேசாகத் தட்டுவது, முதலில் ‘தட்டுறேன்’ என்று சொல்லி, பிறகு சொல்லாமல், எந்தப் பக்கம் என்றும் சொல்லாமல். லேசாக என்றால் லேசாக, பழைய கோபத்தைத் தீர்க்கிற இடம் இல்லை.

இங்கிலாந்துப் பள்ளிகளில் ரக்பி ஆடும் பையன்களுக்கு இப்படிக் கழுத்துப் பயிற்சியும் சேர்ந்த ஒரு சூடேற்றும் முறையைக் கொடுத்துப் பார்த்து 2017ல் வெளியிட்டார்கள். வாரம் மூன்று தடவை ஒழுங்காகச் செய்த பள்ளிகளில் மூளைக்குலுக்கம் 59 சதவீதம் குறைந்திருந்தது. ஒழுங்காகச் செய்த என்ற வார்த்தையில்தான் சூட்சுமம், ஒரு வாரம் செய்து அடுத்த வாரம் மறந்தால் ஒன்றும் வராது.

ஆனால் ரக்பிக்காரர்களே கழுத்தை மட்டும் நம்பவில்லை. இரண்டு பக்கமும் எட்டு எட்டுப் பேராகத் தலையைக் கோத்து முட்டித் தள்ளுகிறார்களே, அதில் முன்பெல்லாம் சற்று இடைவெளி விட்டுக் குனிந்து நின்று, பாய்ந்து இடிப்பார்கள். 2013ல் விதியை மாற்றினார்கள், முன்வரிசைக்காரர்கள் முதலில் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அப்புறம்தான் இணைய வேண்டும் என்று. இடிக்கும் விசை ஏறக்குறைய கால் பங்கு குறைந்தது. யாருடைய கழுத்தும் ஒரு கிலோகூட ஏறவில்லை. பெரிய ஆட்டங்களில் தலையடிக்காகச் சோதிக்கப்பட்டவர்களைக் கணக்கெடுத்தபோதும் நாலில் மூன்று பேர் பிடியில்தான் அடிபட்டிருந்தார்கள், அதிலும் பிடிபட்டவனைவிடப் பிடித்தவனே அதிகம்.

உங்கள் மருமகனும் பிடிக்கப் போனவன்தான். கார்னரிலிருந்து கணுக்காலுக்குப் பாய்கிறவன் எதைப் பார்த்துக்கொண்டு பாய்கிறான் என்று ஒரு நாள் செல்போனில் மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள். தரையைப் பார்த்துப் பாய்ந்தால் தலை தாழ்ந்து உச்சந்தலை முன்னால் போகும். ரைடர் உதறுகிற முழங்கால் நேராக அங்கே வரும், அது வருவதை அவன் பார்க்கவே மாட்டான், பார்க்காததால் கழுத்தும் இறுகாது. கண் ரைடரின் இடுப்பில், தாடை உள்ளே, தலை காலுக்கு வெளிப்பக்கம், தோள்தான் முதலில் தொட வேண்டும். மெத்தையில் ஆடிப் பழகியவன் கொடை ஆட்டத்தில் மண்ணில் இறங்கும்போது இன்னும் கவனம், தலை மண்ணில் பதிந்தால் பதிந்த இடத்திலேயே நிற்கும், பின்னால் கைகோத்து வருகிற செயின் மொத்தமும் கழுத்தின் மேல் விழும். இதை ஆயிரம் தடவை பாதி வேகத்தில் செய்ய விடுங்கள். நான் தராசைவிட இதற்குத்தான் அதிக மார்க் போடுவேன்.

தலையில் அடிபட்டு ஒரு நிமிஷம் முழித்தவன், கேட்டதையே திரும்பக் கேட்கிறவன், வாந்தி வருகிறது என்கிறவன், அன்றைக்குத் திரும்ப ஆடக் கூடாது. இறுதி ஆட்டமாக இருந்தாலும், ஊர்ப் பெரியவர் வந்து கேட்டாலும். முதல் ஒன்றிரண்டு நாள் ஓய்வு, அப்புறம் நடை, ஓட்டம், உரசாத பயிற்சி என்று படிப்படியாக, ஒவ்வொரு படிக்கும் ஒரு முழு நாளாவது கொடுத்து, கடைசியில் பிடிக்கு விடும் முன் டாக்டரின் சம்மதம்.

மருமகனைக் காட்டிவிட்டு வந்து, கையில் இரண்டு பக்கமும் பலம் எப்படி இருந்தது, முன்பு எப்போதாவது இப்படி ஆகியிருக்கிறதா என்று மட்டும் எழுதுங்கள். அவனையே கேளுங்கள், உங்களிடம் மறைத்திருப்பான். தராசு வாங்கும்போது 50 கிலோ வரை காட்டுகிறதா, எண்ணை நிறுத்தி வைக்கிற வசதி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும். மீன் வாடை அடிக்காத புதுசாகவே வாங்குங்கள், பயலுக நெற்றிக்குப் பக்கத்தில் வைக்கப்போகிற சாமான்.